கார் மீட்டர் போர்டில் முள்ளைக் கழற்றி மாட்டிய பிறகு அளவு சரிசெய்வது எப்படி

மீட்டர் போர்டுக்குள் பல்பு போயிருக்கும், இல்லை டயல் வெளுத்திருக்கும், இல்லை முள் பாதியில் சிக்கி நிற்கும். ஏதோ ஒரு காரணத்துக்காக முள்ளைக் கழற்ற வேண்டி வருகிறது. கழற்றி மாட்டுவது சின்ன வேலைதான். தலைவலி மாட்டிய பிறகு ஆரம்பிக்கிறது: வண்டி 60-இல் போகும், முள் 71 காட்டும், டேங்க் நிறைய அடித்துவிட்டு வந்தால் முக்கால்தான் ஏறியிருக்கும், சும்மா நிற்கிற வண்டிக்கு ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றுகிற எண்ணிக்கை) 1,100 என்று நிற்கும். எங்கள் வண்டி பல்பு மாற்றப் போய் இந்தக் கோலத்தில்தான் திரும்பி வந்தது. கொடுத்த இடத்தில் கேட்டால், "ஓட ஓட செட் ஆயிரும் அண்ணாச்சி" என்று ஒரே பதில். ஓட ஓட எதுவும் செட் ஆகாது. முள் தண்டில் எந்தக் கோணத்தில் இறுகியதோ அந்தக் கோணத்தில்தான் வண்டி இருக்கிற வரைக்கும் நிற்கும்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தேடி, கேட்டு, வண்டியை வைத்தே பார்த்துச் சரிசெய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரியாதவர்களுக்கும் புரியும். நீங்களே செய்யாமல் கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் 3, 8, 9 மூன்றையும் மட்டுமாவது படித்துவிட்டுக் கொடுங்கள்.

1. கழற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பழைய கார்களில் மீட்டர் போர்டு பல்பு பின்பக்கம் ஒரு சின்ன ஹோல்டரில் இருக்கும். கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும், முள்ளைத் தொடவே வேண்டாம். முன்பக்கக் கண்ணாடி மங்கிப் போயிருந்தால் அதை மட்டும் கழற்றிப் பாலிஷ் போடலாம், அதற்கும் முள்ளுக்கும் சம்பந்தமில்லை. டயல் தாளை மாற்றுவது, டயலுக்கு அடியில் இருக்கிற எல்இடியை மாற்றுவது, முள்ளைச் சுற்றுகிற மோட்டாரை மாற்றுவது, இந்த மூன்றுக்குத்தான் முள்ளைக் கழற்றியே ஆக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கிற வண்டிகளில் முள்ளின் சிவப்பு வெளுத்து, டயல் தாள் லேசாக உப்பிவிடும். முள் அதில் உரசிச் சிக்கும். அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் கை வைக்காதீர்கள். திறந்த அடையாளம் தெரிந்தால் அந்தப் பாகத்துக்கு வாரண்டி மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

2. உங்கள் மீட்டர் எந்த வகை

இது தெரியாமல் ஆரம்பிக்கக் கூடாது, மாட்டும் முறையே மாறும்.

பழைய மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்கு கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வரும். கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுற்றும், அது ஒரு உலோகக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். வண்டி நின்றால் முள் ஸ்பிரிங் பலத்தில் பூஜ்ஜியத்துக்கு வரும்.

புதிய கார்களில் ஒவ்வொரு முள்ளுக்கும் அடியில் எட்டு எட்டாக நகர்கிற ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். பரவலாகப் புழங்குகிற எக்ஸ்27 வகை மோட்டார் மொத்தம் 315 டிகிரிதான் சுற்றும், ஒரு எட்டுக்கு மூன்றில் ஒரு டிகிரி நகரும், உள்ளே பல்சக்கரம் 180-க்கு 1 என்று குறைத்துக் கொடுக்கும். இந்த மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. சாவி போட்டதும் பின்னால் ஓடி ஒரு தடுப்பில் முட்டி, இதுதான் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணும். அதன் மேல் நீங்கள் முள்ளை எப்படிக் குத்தினீர்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. நம் பிரச்சினை முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. சாவியை எடுத்த பிறகும் பெட்ரோல் முள் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அது பெரும்பாலும் ஏர்-கோர் என்கிற காந்தச் சுருள் மீட்டர். சாவி ஆனில் இல்லாதபோது அது காட்டுவதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதனால் சாவி ஆஃபில் வைத்துப் பூஜ்ஜியத்துக்கு நேராக அந்த முள்ளை மாட்டினால் கண்டிப்பாகத் தப்பாகத்தான் வரும்.

3. கழற்றும் முன் எடுக்க வேண்டிய கணக்கு

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான், பெரும்பாலான பட்டறைகளில் இதைத்தான் செய்வதில்லை. மீட்டர் வேலை மட்டும் பார்க்கிற ஒரு பெரியவரிடம் அப்புறமாகக் கேட்டபோது அவர் முதலில் கேட்டதே, "புடுங்குததுக்கு முன்னால போட்டோ எடுத்தீயளா?" என்றுதான்.

போனை மீட்டருக்கு நேராக, முள்ளின் மையத்துக்கு நேர் எதிரே பிடியுங்கள். சாய்ந்த கோணத்தில் எடுத்தால் முள் இரண்டு கோடு தள்ளித் தெரியும். சாவி ஆஃபில் ஒரு படம், சாவி ஆனில் இன்ஜின் ஓடாமல் ஒரு படம், இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு) நிற்கும்போது ஒரு படம், 2,000 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்து ஒரு படம். சாவி போட்ட நொடியிலிருந்து முட்கள் எப்படி எழும்புகின்றன என்று ஒரு வீடியோ. ஓடோமீட்டர் எண் (வண்டி இதுவரை ஓடிய மொத்தக் கிலோமீட்டர்) எல்லாப் படத்திலும் தெரிய வேண்டும்.

அப்புறம் ரோட்டுக்குப் போங்கள். போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டுகிற ஆப் ஒன்று போட்டுக்கொண்டு, 40, 60, 80 மூன்றிலும் ஜிபிஎஸ் என்ன காட்டுகிறது, மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு வசதியான இடம் நான்குவழிச் சாலைதான்: ரெட்டியார்பட்டி மலை தாண்டி மூன்றடைப்பு வரைக்கும், நாங்குநேரி டோல்கேட் வருவதற்குள் திரும்பிவிடலாம். தூத்துக்குடி ரோட்டில் கேடிசி நகர் தாண்டியும் நல்ல நேரான இடம் கிடைக்கும். ஆனி, ஆடியில் மத்தியான நேரம் போகாதீர்கள். கயத்தாறு பக்கமும் பணகுடி பக்கமும் காற்றாலை சும்மா நட்டு வைத்திருக்கவில்லை. அந்தக் காற்றில் ஒரே வேகத்தில் வண்டியைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. காலையில் ஆறு, ஏழு மணிக்குப் போனால் காற்றும் இருக்காது, லாரியும் குறைவு.

ஜிபிஎஸ் வேகம் ஒன்றிரண்டு நொடி தாமதமாகத்தான் வரும். அதனால் வேகத்தை ஒரே சீராகப் பத்து நொடியாவது பிடித்து வைத்த பிறகுதான் எண்ணை எடுக்க வேண்டும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்து அவரை எழுதச் சொல்லுங்கள். போன் இல்லாமலும் பார்க்கலாம்: கிலோமீட்டர் கல்லுக்குக் கல் ஸ்டாப்வாட்ச் பிடித்தால் 60-இல் சரியாக 60 நொடி, 80-இல் 45 நொடி, 40-இல் 90 நொடி ஆக வேண்டும்.

எங்கள் வண்டிக்கு இப்போது இருக்கிற கணக்கு இது: ஜிபிஎஸ் 40-க்கு மீட்டர் 43, 60-க்கு 64, 80-க்கு 85. மீட்டர் கொஞ்சம் அதிகம் காட்டுவது கோளாறு இல்லை, கம்பெனியே அப்படித்தான் வைக்கிறது. பல நாடுகள் பின்பற்றுகிற ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. மேலே காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதோடு 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவுக்குள் இருக்க வேண்டும். அதாவது உண்மையில் 60-இல் போகும்போது 70 வரை காட்டினால் அனுமதி, 59 காட்டினால் இல்லை. ஆகவே முள்ளை மாட்டும்போது ஜிபிஎஸ்ஸுக்குச் சமமாகக் கொண்டுவர முயற்சி செய்யாதீர்கள். கழற்றும் முன் இருந்த அதே வித்தியாசத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

4. காகிதம், பில், எஃப்சி

வீட்டில் நீங்களே செய்தால் எந்த ஆபீசிலும் எழுதிக் கொடுக்க வேண்டியது இல்லை. கடைக்குக் கொடுத்தால் ஜாப் கார்டில் அன்றைய ஓடோமீட்டர் எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். வேலை முடிந்த பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும், என்ன பாகம் மாற்றினார்கள் என்பதும் இருக்க வேண்டும். நாளைக்கு வண்டியை விற்கும்போது மீட்டர் போர்டு திறந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டு, "கிலோமீட்டர் குறைச்சிருக்கீயளோ?" என்று வாங்க வந்தவர் கேட்டால், பேச்சைவிட அந்தப் பில்தான் பதில் சொல்லும். முள்ளை எங்கே மாட்டினாலும் டிஜிட்டல் ஓடோமீட்டர் எண் மாறாது, அது தனியாக மெமரி சிப்பில் இருக்கிறது.

முழு மீட்டர் போர்டையே மாற்றுவதாக இருந்தால் விஷயம் வேறு. பழைய போர்டின் கடைசி எண் பில்லில் ஏற வேண்டும், சர்வீஸ் சென்டர் ரெக்கார்டிலும் ஏற வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த போர்டு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி மாட்டிவிடாதீர்கள். சில கார்களில் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர் மீட்டர் போர்டோடு கோர்த்திருக்கும், வேறு போர்டை மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

15 வருடம் முடியப்போகிற வண்டி என்றால் இந்த வேலையை எஃப்சிக்கு (வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ்) முன்பே முடித்துவிடுங்கள், அங்கே பார்க்கிற விஷயங்களில் ஸ்பீடோமீட்டரும் ஒன்று. சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க படிவம் 25, கெடு முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டிய வண்டிக்கு இதைவிட அதிகம். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் மீட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், ஒரு மோட்டார் வர வேண்டியிருந்தாலே ஒரு வாரம் போய்விடும்.

5. என்ன வேண்டும், என்ன செலவு

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டிரிம் கழற்ற ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஒரே மாதிரி இரண்டு டீஸ்பூன், பெயின்ட் கடையில் கிடைக்கிற மாஸ்கிங் டேப், பழைய விசிட்டிங் கார்டு இரண்டு மூன்று, துணிக் கையுறை. இவ்வளவும் வீட்டில் இருப்பதும் நூறு இருநூறு ரூபாய்க்குள் வருவதும்தான். இதோடு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 2010-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். இன்ஜின் கம்ப்யூட்டர் நினைக்கிற ஆர்பிஎம், தண்ணீர்ச் சூடு, வேகம் மூன்றையும் அது போனில் எண்ணாகக் காட்டும். முள் சொல்வது சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது.

நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஒதுக்குங்கள். அவசரத்தில் தொட்டால் முள்தான் உடையும், தனி முள் எல்லா வண்டிக்கும் கடையில் கிடைப்பதில்லை.

6. கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் விடுங்கள், ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிறது. ஸ்டியரிங்கைக் கீழே இறக்குங்கள். சுற்றி இருக்கிற சட்டத்தைக் கழற்றினால் மீட்டர் போர்டு பெரும்பாலும் மூன்று நான்கு ஸ்க்ரூவில் நிற்கும். பின்னால் இருக்கிற சாக்கெட்டில் பூட்டு இருக்கும், அமுக்காமல் இழுக்காதீர்கள்.

போர்டை வெளியே வைத்துக்கொண்டு சாவியை ஆன் செய்து பார்க்கிற வழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். பல வண்டிகளில் அதுவே ஒரு கோளாறாகப் பதிவாகி ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும், அப்புறம் அதை அணைக்க ஸ்கேனர்காரரைத் தேட வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றியதும் முதல் வேலை அடையாளம் வைப்பது. டயலில் முள் தூங்குகிற இடத்தில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆணி மாதிரித் தடுப்பு இருக்கும். முள் அதன் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். அது நிற்கிற இடம் உண்மையான பூஜ்ஜியம் இல்லை. முள் நுனியை மெதுவாக ஒரு மில்லிமீட்டர் தூக்கி அந்தத் தடுப்பைத் தாண்டவிட்டால், இன்னும் கொஞ்சம் கீழே போய் நிற்கும். அங்கேதான் மாஸ்கிங் டேப்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட வேண்டும். கேபிள் வகையில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கம்பெனி வேண்டுமென்றே ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் இறுக்கம் கொடுத்துத் தடுப்பில் சாய்த்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் தடுப்புக்கு நேராகவே முள்ளை மாட்டினால், தாண்டிப் போயிருக்க வேண்டிய அந்தக் கோணம் அத்தனையும் எல்லா வேகத்திலும் கூடுதலாகத் தெரியும். பல்பு மாற்றி வந்த வண்டிகள் வேகம் கூட்டிக் காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது முள். டயலின் மேல் விசிட்டிங் கார்டை முள்ளின் நடுவில் தண்டைப் பிடித்திருக்கிற குமிழுக்கு இரண்டு பக்கமும் செருகுங்கள். அதன் மேல் இரண்டு ஸ்பூனையும் எதிரெதிராக வைத்து, குமிழின் அடியில் நுனியைக் கொடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்குங்கள். முள் டப்பென்று நேராக மேலே வரும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் தண்டு வளையும். முள்ளைப் பிடித்துத் திருகி எடுக்கிற வித்தையை ஸ்டெப்பர் வகையில் செய்யவே கூடாது, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் அவ்வளவு பலம் தாங்காது. டயல் தாளில் வெறும் விரல் படக் கூடாது, அந்த மங்கலான கறுப்பில் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் வெயிலில் பளபளவென்று தெரிந்துகொண்டே இருக்கும்.

7. மாட்டுவது

ஸ்டெப்பர் வகையாக இருந்தால் முள் இல்லாமலே போர்டை வண்டியில் சொருகி, பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து பத்து நொடி, ஆஃப் செய்து பத்து நொடி. மோட்டார் ஓடிப்போய்த் தன் பூஜ்ஜியத்தில் நிற்கும். அதற்கப்புறம்தான் முள்ளைப் பென்சில் கோட்டுக்கு நேராக லேசாக வைக்க வேண்டும். லேசாக என்றால் விழாமல் நிற்கிற அளவுக்கு மட்டும். முழுக்க அமுக்குவது எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு. மேஜையில் வைத்தே முள்ளைக் குத்திவிட்டு வண்டிக்குக் கொண்டுபோனால், கழற்றும்போது கை பட்டு மோட்டார் தண்டு எங்கே திரும்பியிருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் முள் நிற்கும்.

கேபிள் வகையில் தண்டை அதன் இஷ்டத்துக்கு நிற்கவிட்டு, தடுப்புக்குக் கீழே போட்ட கோட்டில் முள்ளை வைத்து, அப்புறம் நுனியைத் தூக்கித் தடுப்பின் மேல் உட்கார வைக்க வேண்டும். ஏர்-கோர் வகைக்குச் சாவி ஆனில் இருக்கும்போது மட்டும் வையுங்கள்.

முள்ளுக்கும் டயலுக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், விசிட்டிங் கார்டு நான்கைந்து அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும். அதிகம் அமுக்கினால் முள் உரசும். கத்திரி வெயிலில் டயல் தாள் இன்னும் உப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

8. ஒவ்வொரு முள்ளாக அளவு பார்ப்பது

ஆர்பிஎம் முள்ளிலிருந்து ஆரம்பியுங்கள், வண்டி நகராமலே முடிக்கலாம். இன்ஜினைச் சூடேற்றி ஏசியை அணைத்துவிட்டு ஓபிடி ஆப்பில் எண்ணைப் பாருங்கள். ஐடிலிங் சரியாக வருகிறதா, 2,000-இல் சரியாக வருகிறதா, 3,000-இல் சரியாக வருகிறதா. 0 முதல் 8,000 வரை 240 டிகிரியில் அச்சடித்த டயலில் 3 டிகிரி தவறினால் 100 ஆர்பிஎம் தவறும். கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிற பிசகு இவ்வளவு வேலை செய்யும்.

சூடு காட்டும் முள் ஏமாற்றும். பெரும்பாலான கார்களில் தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரியிலிருந்து 100 தாண்டும் வரைக்கும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் நடுவில் நிற்கிறது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த இன்ஜினில் சாவி ஆன் செய்து கீழ்க்கோட்டையும் பாருங்கள், ஆப்பில் 90 காட்டும்போது பழைய போட்டோவோடும் ஒப்பிடுங்கள். இந்த முள்ளைத் தாழ்வாக மாட்டிவிட்டால், இன்ஜின் கொதிக்கும்போதும் எல்லாம் நலம் என்று அது காட்டிக்கொண்டிருக்கும், இன்ஜின் தலைப்பகுதியில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும். நான்கு முட்களில் காசு அதிகம் கரைக்கக்கூடியது இதுதான்.

பெட்ரோல் முள்ளுக்கு வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பங்க்கில் முழு டேங்க் அடித்து, சாவியை ஆன் செய்து சில நிமிடம் காத்திருங்கள், இந்த முள் வேண்டுமென்றே மெதுவாக நகரும்படி வைக்கப்பட்டது. அது ஓய்ந்த இடம் பழைய முழு டேங்க் இடத்துக்கு வர வேண்டும். 35 லிட்டர் டேங்க், 90 டிகிரி டயல் என்றால் 5 டிகிரி தவறினால் ஏறக்குறைய 2 லிட்டர் பொய் சொல்லும். டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு அது பெரிதில்லை. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைப் பாதையில் ஏறுகிறவருக்குப் பெரிது, மேலே பங்க் கிடையாது.

வேக முள் கடைசி. கண்ணாடியை இரண்டு கிளிப்பில் தற்காலிகமாக மாட்டிக்கொண்டு அதே ரோட்டுக்கு, அதே நேரத்துக்குப் போய், 40, 60, 80 மூன்றையும் திரும்ப எடுங்கள். டயர் காற்றும் முன்பு இருந்த அதே அளவில் இருக்கட்டும்.

9. எண்ணைப் பார்த்துக் கோளாறைப் பிரிப்பது

எங்கள் வண்டி பட்டறையிலிருந்து வந்தபோது ஜிபிஎஸ் 40-க்கு 50, 60-க்கு 71, 80-க்கு 92 காட்டியது. சரியாக இருக்க வேண்டியது 43, 64, 85. மூன்றிலும் ஒரே 7 கிலோமீட்டர் கூடுதல். இப்படி எல்லா வேகத்திலும் ஒரே எண் கூடினாலோ குறைந்தாலோ, அது முள் மாட்டிய கோணத்தின் தவறு மட்டுமே. 0 முதல் 180 வரை 240 டிகிரியில் இருக்கிற டயலில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் டிகிரிக்குச் சற்று அதிகம். 7 கிலோமீட்டர் என்றால் 9 டிகிரிக்கு மேல். முள்ளை எடுத்து அவ்வளவு பின்னால் வைத்தால் மூன்று எண்ணும் ஒன்றாகச் சரியாகிவிடும்.

ஆனால் 40-க்கு 46, 60-க்கு 69, 80-க்கு 92 என்று வந்தால் கதை வேறு. இங்கே வேகம் ஏற ஏற வித்தியாசமும் ஏறுகிறது, எல்லா இடத்திலும் 15 சதவீதம். இதை முள்ளை நகர்த்திச் சரிசெய்யவே முடியாது. 80-இல் சரியாக்கினால் 40-இல் தவறும், 40-இல் சரியாக்கினால் 80-இல் தவறும். டயர் அளவு, வேக சென்சார், கேபிள் வகையில் கியர்பாக்ஸில் இருக்கிற சின்னப் பல்சக்கரம், வேறு மாடலின் மீட்டர் போர்டு, இவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். டயர் எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு: 155/80 ஆர்13 இருந்த இடத்தில் 165/80 ஆர்13 போட்டால் சக்கரம் ஏறக்குறைய 3 சதவீதம் பெரிதாகும், மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து, 80 என்று நினைத்துக்கொண்டு அதற்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

80-இல் மட்டும் பார்த்திருந்தால் இரண்டு கோளாறும் 92 என்று ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஒரே ஒரு வேகத்தில் பார்த்துவிட்டு முள்ளை நகர்த்தக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நகர்த்தும்போது, குத்தி இறுக்கிய முள்ளைத் தடுப்பில் முட்டக் கொடுத்துத் திருகி வழுக்க வைக்கிற வேலை வேண்டாம். திரும்பவும் இரண்டு ஸ்பூன், நேராக மேலே எடுப்பது, புதிய இடத்தில் லேசாக வைப்பது. நாலைந்து தடவை எடுத்து மாட்டினால் குமிழின் ஓட்டை தளர்ந்துவிடும், அதனால் லேசாக வைத்தே அளவு பார்த்து, கடைசியில் ஒரே தடவை அமுக்குங்கள்.

10. அடையாளமே வைக்காமல் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டதா

போட்டோவும் இல்லை, கோடும் இல்லை என்றால் ஓபிடி ஒன்றுதான் துணை. ஆர்பிஎம் முள்ளை ஐடிலிங்கில் வைத்துவிட்டு 2,000, 3,000-இல் சோதியுங்கள். வேக முள்ளை ஜிபிஎஸ் 60-க்கு மீட்டர் 63, 64 வருகிற மாதிரி வைத்து, 40-இலும் 80-இலும் உண்மை வேகத்துக்குக் கீழே போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். சூட்டு முள்ளுக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் அதே மாடல், அதே வருட வண்டி வைத்திருக்கிற யாரிடமாவது போய், சாவி ஆஃபில் ஒன்று, சூடேறிய பிறகு ஒன்று, முழு டேங்க்கில் ஒன்று என்று படம் எடுத்து வந்துவிடலாம். அதோடு, சில சர்வீஸ் சென்டர் ஸ்கேனர்களில் முள்ளை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குப் போகச் சொல்லி உத்தரவு கொடுக்கிற வசதி இருக்கும். 60 என்று உத்தரவு கொடுத்து முள்ளை 60-இல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் வண்டிக்கு அது உண்டா என்று முதலிலேயே போன் போட்டுக் கேளுங்கள்.

11. கடைக்குக் கொடுப்பதாக இருந்தால்

பொதுவான பட்டறையைவிட மீட்டர் வேலை மட்டும் பார்க்கிறவரிடம் கொடுப்பது நல்லது. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் இருக்கிற வயரிங்காரர்களிடம் விசாரித்தால் கை காட்டுவார்கள். "அண்ணாச்சி, முள்ளு எடுப்பீயளா, எடுத்தா எத வச்சு செட் பண்ணுவீய?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். ஜிபிஎஸ், ஸ்கேனர், பழைய அடையாளம் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் சரி. கண்ணாலேயே வைத்துவிடுவோம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் எடுத்த 40, 60, 80 கணக்கை ஒரு சீட்டில் எழுதி ஜாப் கார்டோடு பின் அடித்துக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கண்ணாடியை முழுக்க மூடும் முன் கடைக்காரரையே பக்கத்தில் உட்கார வைத்து பைபாஸில் ஒரு ரவுண்டு போய் அதே மூன்று வேகத்தையும் பாருங்கள், எண் ஒத்துவந்த பிறகு கண்ணாடியை மூடச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.